சிவப்பு எண், நீல எண்

போன மாதம் தோழி ஒருத்தி போன் செய்தாள். "டிசம்பர்ல பிராக் போறோம். நீதான் போயிட்டு வந்திருக்கியே, தெரிஞ்சுக்க வேண்டியதை எல்லாம் ஒரு லிஸ்ட்டா எழுதி அனுப்பேன்" என்றாள். அன்று இரவே எழுத உட்கார்ந்தேன். சார்லஸ் பாலம், பழைய நகரச் சதுக்கத்தின் வானியல் கடிகாரம், குன்றின் மேல் கோட்டை என்று மூன்று வரி எழுதியதும் கை நின்றுவிட்டது. இதெல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். எந்த வீடியோவைத் திறந்தாலும் முதல் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். 2024 அக்டோபரில் நானும் அம்மாவும் செக் நாட்டின் தலைநகரான அந்த ஊருக்குப் போனபோது என்னிடமும் இப்படி ஒரு லிஸ்ட் இருந்தது. 11 பக்கம், அச்செடுத்து ஃபைலில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு தெருவில், 68 வயது அம்மாவையும் இரண்டு பெட்டிகளையும் வைத்துக்கொண்டு எந்த வாசல் என்று தெரியாமல் நின்றேனே, அப்போது உதவக்கூடிய வரி ஒன்றுகூட அந்த 11 பக்கத்தில் இல்லை.

அந்த இரவு எனக்கு இன்னும் ஆறவில்லை. பயந்தது கொஞ்ச நேரம்தான், கெட்டது எதுவும் நடக்கவும் இல்லை. ஆனால் வெளிநாட்டு ஊர்களைப் பற்றி நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் தகவல்களில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. போய்த் தங்குகிற நாலு நாளைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். விமானத்தைவிட்டு இறங்கியதிலிருந்து, படுக்கப்போகும் வீட்டின் கதவு திறக்கும்வரை போகிற அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு அந்த ஒன்றரை மணி நேரம்தான் பயணத்திலேயே கடினமான பகுதி.

கதவு வரை

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வருவது சுலபம். வெளியே வந்ததும் 59 என்ற எண் போட்ட டிராலிபஸ் கிடைக்கும். இரண்டு இடத்தில் மடங்கித் திரும்புகிற, 24 மீட்டருக்கும் மேல் நீளமான வண்டி. முன்பு 119 என்ற பேருந்து ஓடிய தடம்தான், 2024 மார்ச்சில் மின்கம்பிக்கு மாறியது. கால் மணி நேரத்தில் வெலெஸ்லவீன் என்ற இடத்தில் இறக்கிவிடும். அங்கே கீழே இறங்கினால் பச்சை நிற மெட்ரோ. டிக்கெட்டில் ஒரு விஷயம் உண்டு. அங்கே தூரத்துக்குக் காசு இல்லை, நேரத்துக்குத்தான். 30 நிமிட டிக்கெட், 90 நிமிட டிக்கெட் என்று இருக்கும். எத்தனை வண்டி மாறினாலும் அதே டிக்கெட் செல்லும். விமான நிலையத்திலிருந்து நகரத்தின் நடுப்பகுதிக்கு அரை மணி போதாது என்பதால் 90 நிமிட டிக்கெட் எடுத்தேன். அப்போது 40 கொருனா, அதுதான் செக் நாணயம். வண்டிக்குள்ளேயே இருக்கும் இயந்திரத்தில் வங்கி அட்டையைத் தொட்டு வாங்கினால் நேரம் அச்சாகியே வரும். முன்கூட்டித் தாள் டிக்கெட்டாக வாங்கி வைத்திருந்தால், மஞ்சள் பெட்டியில் நுழைத்து நேரம் குத்திக்கொள்ள வேண்டும். மெட்ரோ வாசலில் தடுப்புக் கதவே கிடையாது, யாரும் உங்களை நிறுத்த மாட்டார்கள். அதனால்தான் புதிதாக வருகிறவர்கள் குத்த மறந்துவிடுகிறார்கள். சாதாரண உடுப்பில் பரிசோதகர் வந்து வில்லையைக் காட்டும்போது, குத்தாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் அவருக்கு ஒன்றுதான். 65 வயது தாண்டியவர்களுக்கு நகரத்துக்குள் பயணம் இலவசம், வயதைக் காட்டும் அடையாளச் சீட்டு கையில் இருந்தால் போதும். அம்மா பாஸ்போர்ட்டைக் கைப்பையின் முன் அறையில் வைத்துக்கொண்டு, யாராவது கேட்க மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

நாங்கள் இறங்க வேண்டியது நாம்யெஸ்தி மீரு, அதாவது அமைதிச் சதுக்கம். தரைக்குக் கீழே 53 மீட்டர் ஆழத்தில் இருக்கிற நிலையம். நகரும் படிக்கட்டு மட்டும் 87 மீட்டர் நீளம். ஏற இரண்டு நிமிடத்துக்கும் மேல் ஆகிறது. பாதியில் நின்று மேலே பார்த்தால் முடிவு தெரியாது, கீழே பார்த்தாலும் தெரியாது. வயதானவர்களோடு போகிறவர்கள் இதை முன்பே தெரிந்துகொண்டு போவது நல்லது. அம்மா கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். மேலே வந்ததும் இரட்டைக் கோபுரத்தோடு புனித லுத்மிலா தேவாலயம், குளிர்ந்த காற்று, ஈரமான கல் பாவிய நடைபாதை. சின்னச் சின்னக் கற்களைப் பதித்த அந்த நடைபாதையில் பெட்டியின் சக்கரங்கள் போட்ட சத்தத்துக்கு, தூங்குகிறவர்கள் எல்லாம் எழுந்து வந்து சண்டை போடுவார்களோ என்று கூச்சமாக இருந்தது.

வீட்டு முகவரி 1127/14, மூன்றாவது மாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான எண் வேண்டாம். 1127 கட்டடம், 14 ஃபிளாட் என்று நான் முடிவு செய்துவிட்டேன். வேறு எப்படி நினைப்பேன்? தெருவுக்குள் போனோம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சிவப்புத் தகட்டில் எண் இருந்தது. 1130 என்று ஒரு வீடு. சரி, பக்கத்தில்தான் என்று நடந்தால் அடுத்தது 894. அதற்கடுத்தது 1512. திரும்பி எதிர்ப் பக்கம் போனோம், அங்கேயும் அதே குதிப்பு. சிவப்புத் தகட்டுக்குப் பக்கத்திலேயே நீலத் தகட்டில் 6, 8 என்று சின்ன எண்கள் இருந்தன. நம் ஊரில் குடிநீர் வாரியமும் மின்வாரியமும் சுவரில் எழுதிவிட்டுப் போகிற எண்களைப் போல என்று நினைத்து அதைப் பார்க்கவே இல்லை. போனில் முன்கூட்டிச் சேமித்த வரைபடம் தெருவின் நடுவில் ஒரு புள்ளியைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது. சிம் வேலை செய்யவில்லை. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தாள் என்றால் கால் வலிக்கிறது என்று அர்த்தம்.

நோ, நோ

மூன்றாவது முறை நடந்தபோது சிவப்பில் 1127 கண்ணில் பட்டது. ஆனால் அழைப்புமணிப் பலகையில் 14 இல்லை. எந்த எண்ணும் இல்லை, வெறும் பெயர்கள். வீட்டுக்காரப் பெண்மணி அனுப்பிய செய்தியில் இருந்த பெயரைத் தேடினேன், அதுவும் இல்லை. அந்த நேரத்தில் ஒரு வயதான அம்மாள் நாயைப் பிடித்துக்கொண்டு வந்தார். போனில் முகவரியைக் காட்டி, கதவைச் சுட்டி, இதுதானா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் முகவரியைப் படித்துவிட்டு, சிரித்த முகத்தோடு "நோ, நோ, நோ" என்றார். எனக்கு அழுகை வராத குறை. நன்றி சொல்லிவிட்டுப் பெட்டியைத் திருப்பி இழுக்க ஆரம்பித்தேன். பத்தடி போயிருப்போம், பின்னால் நாய் குரைக்கும் சத்தமும் காலடிச் சத்தமும். அந்த அம்மாள் எங்கள் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தார்.

செக் மொழியில் 'நோ' என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. பேச்சில் அது "ஆமா", "ம்ம், அதேதான்". முறையாக ஆம் என்பதற்கு 'அனோ', இல்லை என்பதற்கு 'நே'. அவர் அத்தனை நேரமும் ஆமாம், ஆமாம், இதே வீடுதான் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். இந்த ஒரு சொல்லை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால்! அவர் தலையை ஆட்டியதைப் பார்த்திருந்தாலே போதும். நான் காதை மட்டும் நம்பினேன்.

அவர் என் கையைப் பிடித்து வாசலுக்குத் திரும்ப அழைத்துப்போனார். ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாது. போன் திரையில் 1127-ன் மேல் விரலை வைத்தார், பிறகு அதே விரலால் சிவப்புத் தகட்டைத் தொட்டார். திரையில் 14-ன் மேல் வைத்தார், நீலத் தகட்டைத் தொட்டார். அவ்வளவுதான். இரண்டு எண்ணும் ஒரே வீட்டுக்கு. கையைத் தெருவோடு நீட்டி 16, 18, 20 என்று விரலால் காற்றில் எழுதிக் காட்டினார். வரிசையாகப் போவது நீல எண். அம்மாதான் முதலில் புரிந்துகொண்டாள். "அடியே, பழைய நம்பர், புது நம்பர்! நம்ம நங்கநல்லூர்ல யாராவது இப்படி வந்து நின்னா, பழசா புதுசான்னுதானே முதல்ல கேப்போம்?" என்றாள். அந்த இரவில் அவள் பேசிய முதல் வாக்கியம் அது.

பெயர் விஷயத்தையும் அந்த அம்மாள்தான் தீர்த்துவைத்தார். அங்கே குடும்பப் பெயர் ஆளுக்குத் தகுந்தபடி மாறும். ஆண் நோவாக் என்றால் பெண் நோவாகோவா. குடும்பமாகச் சொல்லும்போது நோவாகோவி. செய்தியில் வந்தது பெண்பாற் பெயர், மணிப்பலகையில் இருந்தது குடும்பப் பெயர். முதல் பாதி எழுத்துகளைப் பார்த்தால் போதும், கடைசி எழுத்துகளை விட்டுவிடலாம். அவர் பொத்தானை அழுத்தினார், மேலேயிருந்து குரல் வந்தது, கதவு 'கிர்ர்' என்றது. அந்தச் சத்தம் கேட்கும்போதே தள்ள வேண்டும், நின்றபிறகு தள்ளினால் திறக்காது. மூன்றாவது மாடி என்றால் தரைத்தளத்தை விட்டு மூன்று. மாடிப்படி விளக்கு பொத்தானை அழுத்தினால் எரிந்து, கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும். மேலே வாசலில் செருப்புகள் வரிசையாக இருந்தன. உள்ளே போகுமுன் செருப்பைக் கழற்றுவது செக் வீடுகளில் வழக்கம். விருந்தாளிகளுக்கென்று வீட்டுச் செருப்பும் எடுத்துவைத்திருப்பார்கள். அதைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறியது. பாலமும் கோட்டையும் பார்த்தபோதுகூட அவளுக்கு அந்த நிம்மதி வரவில்லை.

பலகைகளைக் கழற்றிய ஊர்

மறுநாள் காலையிலிருந்து எனக்கு அந்தத் தகடுகள்தான் கண்ணில் பட்டன. ஒரு வீட்டுக்கு ஏன் இரண்டு எண் என்று தேடிப் படித்தேன். சிவப்பு எண்ணின் வேர் 1770-ல் இருக்கிறது. அரசி மரியா தெரேசா ஆட்சியில், படைக்கு ஆள் எடுப்பதற்காக, பிராக் உள்ளிட்ட ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் ஆட்சிப்பகுதியில் வீடுகளுக்கு எண் போடச் சொன்னார்கள். போகிற போக்கில் கண்ட வரிசையில் எண் கொடுத்தார்கள், பிறகு புதிதாகக் கட்டிய வீட்டுக்கு அடுத்த எண். அதனால்தான் 1130-க்குப் பக்கத்தில் 894. தெருவைப் பற்றி அந்த எண்ணுக்கு அக்கறையே இல்லை, பகுதிக்குள் இந்த வீடு எத்தனையாவதாகப் பதிவானது என்பதுதான் அதன் கணக்கு. போதாததற்கு, ஒவ்வொரு பகுதிக்கும் தனி வரிசை. பழைய நகரம், புதிய நகரம், மாலா ஸ்த்ரானா, ஹ்ராட்சானி நான்கும் 1784 வரை தனித்தனி ஊர்கள். நாங்கள் தங்கிய வினோஹ்ராதி 1922-ல்தான் பிராகோடு சேர்ந்தது. திராட்சைத் தோட்டங்கள் என்று பொருள், முன்பு அதுதான் அங்கே இருந்தது. ஆக 1127 என்ற சிவப்பு எண் ஊரில் பல இடங்களில் இருக்கலாம். நீல எண் பின்னால் வந்தது, தெருவில் நடந்து வருகிறவனுக்காக வந்தது. ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். தெருவின் எந்த முனையில் 1 தொடங்குகிறது என்பதற்கு ஊரின் நடுவே ஓடும் வல்தாவா நதிதான் அடிப்படை. ஆற்றிலிருந்து விலகிப் போகும் தெருவில் எண் ஆற்றுப் பக்கமிருந்து ஏறும்.

எண்ணே இல்லாத காலத்து வழக்கத்தையும் பார்க்கலாம். கோட்டைக்கு ஏறும் நெருதோவா தெருவில் பல வீட்டு வாசலின் மேல் சிற்பம் இருக்கும். மூன்று வயலின், சிவப்பு ஆட்டுக்குட்டி, இரண்டு சூரியன். அதுதான் அன்றைக்கு முகவரி. இரண்டு சூரியன் வீட்டில்தான் யான் நெருதா என்ற எழுத்தாளர் வாழ்ந்தார், தெருவுக்கும் அவர் பெயர்தான். அந்த வீட்டின் எண் 233/47. அம்மா அதன் முன்னால் நின்று சிவப்பையும் நீலத்தையும் சரிபார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, விடைத்தாள் திருத்துகிற பழக்கம் போகாது.

இந்தத் தேடலில் என்னை உலுக்கிய விஷயம் 1968. அந்த ஆண்டு ஆகஸ்ட் 20 இரவு சோவியத் தலைமையில் வார்சா ஒப்பந்தப் படைகள் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தன. பிராக் மக்கள் கையில் துப்பாக்கி இல்லை. அவர்கள் தெருப் பெயர்ப் பலகைகளையும் வீட்டு எண்களையும் கழற்றினார்கள், சிலவற்றை வண்ணம் பூசி அழித்தார்கள். நாடு முழுக்கச் சாலை வழிகாட்டிகள் காணாமல் போயின, மாஸ்கோவுக்குப் போகிற வழியை மட்டும் எழுதி வைத்தார்கள். டாங்கியில் வந்தவன் யாரைக் கைது செய்ய வந்தானோ அந்த வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் அலைந்தான். இதைப் படித்த பிறகு அந்த நாய்க்காரப் பெண்மணியை நினைத்தேன். 80 வயது இருக்கும், அப்படியானால் 1968-ல் இருபத்து நாலு, இருபத்தைந்து. அவர் அன்று எதையாவது கழற்றினாரா என்பது எனக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் வருகிறவனைக் குழப்ப வேண்டுமென்றால் எதை எடுக்க வேண்டும் என்று தெரிந்த ஊர் அது. அதே தகட்டை விரலால் தொட்டு எனக்கு வழி சொன்னார் என்பதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

இங்கே கமில் சுவலபிலைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியவில்லை. பிராக்கில் பிறந்து, அங்கே சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த அறிஞர். அந்தப் படையெடுப்புக்குப் பிறகு நாட்டைவிட்டு வெளியேறி, பின்னால் நெதர்லாந்தின் உட்ரெக்டில் பேராசிரியராக இருந்தார். சங்கப் பாட்டைப் பற்றி நாம் உலகுக்குச் சொல்ல நினைத்ததைப் பலவகையில் அவர் சொன்னார். அவர் நடந்த தெருக்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். "அவருக்கும் ரெண்டு நம்பர்தான் இருந்திருக்கும்" என்றாள்.

தோழிக்கு அனுப்பியது

கடைசியில் தோழிக்கு எழுதியது ஒன்றரைப் பக்கம்தான். பாலத்தைப் பற்றி ஒரு வரி: காலை ஏழு மணிக்கு முன் போ. மற்றதெல்லாம் மேலே சொன்னவை. கூடவே பணம். அங்கே யூரோ இல்லை, கொருனா. வங்கி இயந்திரம் "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்குப் போடவா" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்து, கொருனாவிலேயே எடு. ரோட்டில் நின்று மாற்றித் தருகிறேன் என்று வருகிறவனிடம் போகாதே, அவன் கொடுப்பது வேறு நாட்டு நோட்டாக இருக்கும். 100 கொருனா நோட்டில் நான்காம் சார்லஸ், 500-இல் பொஜெனா நியெம்ட்சோவா என்ற பெண் எழுத்தாளர், இரண்டு முகத்தைப் பழகிக்கொள். பணமாற்றுக் கடையில் ஏமாந்துவிட்டதாகத் தோன்றினால் ரசீதோடு மூன்று மணி நேரத்துக்குள் திரும்பிப் போய் ரத்து செய்யக் கேட்கலாம், 1000 யூரோ மதிப்பு வரை அந்த உரிமை 2019 ஏப்ரலிலிருந்து சட்டத்தில் இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது, கடைக்காரர் தானாகச் சொல்லவும் மாட்டார். கதவில் 'செம்' என்றால் உன் பக்கம் இழு, 'தம்' என்றால் தள்ளு. கடைக்குள், லிஃப்ட்டுக்குள் நுழையும்போது 'தோப்ரி தென்' என்று வணக்கம் சொல். அதைச் சொல்லாமல் கேள்வி கேட்டால் அவர்கள் முகம் இறுகிவிடும், சொன்னால் மலர்ந்துவிடும். டிசம்பர் 25, 26-ல் பெரிய கடைகள் மூடியிருக்கும், 24-ம் தேதியும் நண்பகலோடு சாத்திவிடுவார்கள், அரிசி, பால், ரொட்டி முன்பே வாங்கி வை.

இன்னொன்றையும் எழுதினேன், அந்த இரவில் தெரிந்திருந்தால் என் பயம் பாதியாகியிருக்கும். பிராக்கில் தெருவிளக்குக் கம்பங்களில் ஆறிலக்க எண் இருக்கும். எங்கே நிற்கிறோம் என்று தெரியாத நிலையில் ஆபத்து வந்தால் 112-ஐ அழைத்து அந்த எண்ணைச் சொன்னால் போதும், இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆம்புலன்ஸுக்கு நேரடியாக 155. தெருப் பெயரை உச்சரிக்க வராத நமக்கு இலக்கங்கள் எளிது.

எழுதி முடித்து அனுப்பும் முன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே உள்ளே போய்க் கைப்பையை எடுத்து வந்தாள். முன் அறையில், பாஸ்போர்ட் இருந்த இடத்தில், நாலாக மடித்த கோடு போட்ட தாள். அங்கே போன இரண்டாம் நாள் எழுதியிருக்கிறாள், எனக்குத் தெரியாது. தெருப் பெயரைத் தமிழில் எழுதி, அதன் கீழே முதல் எண்ணைத் திருத்துகிற சிவப்புப் பேனாவிலும் இரண்டாவது எண்ணை நீலப் பேனாவிலும் எழுதியிருந்தாள். மணிப்பலகையில் எத்தனையாவது பெயர் என்று பக்கத்தில் ஒரு 5. கடைசி வரி: "நோ என்றால் ஆமாம்." அதைப் படம் எடுத்துத் தோழிக்கு முதலில் அனுப்பினேன், அப்புறம்தான் என் ஒன்றரைப் பக்கத்தை.